குலுக்கலில் பெயர் விழுந்தால் நிருபர் ஆடலாமா?

கடைசிப்பந்து:
ஒவ்வொரு ஏப்ரலிலும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அகஸ்டா நேஷனல் கிளப்பில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி நடக்கிறது. செய்தி சேகரிக்க வரும் பத்திரிகையாளர்களுக்காக அந்த கிளப் ஒரு குலுக்கல் நடத்துகிறது. பெயர் விழுந்தவர்கள் போட்டி முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, அதே மைதானத்தில் ஒரு சுற்று ஆடலாம். காசு கிடையாது. குழிகளைக் காட்டும் கொடிகள், முந்தைய நாள் கடைசிச் சுற்றில் நின்ற இடத்திலேயே நிற்கும். மட்டைப் பையைச் சுமக்க ஆள் வருவார். உடை மாற்றிக்கொள்ள முன்னாள் சாம்பியன்களின் அறையைத் திறந்துவிடுவார்கள். கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் வெளியாள் இப்படி ஆடிவிட முடியாது. உறுப்பினர் ஒருவர் விருந்தாளியாக அழைத்துப் போனால்தான் உண்டு.

இதை வாங்கிக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி. ஒரு சுற்று ஆட்டத்துக்காக யாரும் ஸ்கோரை மாற்றி எழுதப் போவதில்லை, தெரியும். ஆனால் அங்கே அந்த கிளப்பே ஒரு செய்தி. 1990 வரை அதில் ஒரு கறுப்பின உறுப்பினர்கூட இல்லை. பெண்களை 2012இல்தான் சேர்த்தார்கள்: காண்டலீசா ரைஸ், டார்லா மூர் என்று இருவர். அந்த வாசலில் யாரை விடுகிறார்கள், யாரை விடுவதில்லை என்று கேட்க வேண்டியவர், தன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கலாமா?

நெல்லை மட்டை:
சார், ஆட்டத்தை எழுதுகிறவனுக்கு மைதானம் காலில் தெரிய வேண்டும். டிவியில் அகஸ்டா சமதரையாகத் தெரியும். உண்மையில் பத்தாவது குழி பெரிய இறக்கம், பதினெட்டாவது மூச்சு வாங்கும் ஏற்றம். பன்னிரண்டாவது வெறும் 155 கஜம், முன்னால் ஓடை, எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பிடிபடாத காற்று. 2016இல் முதல் ஒன்பது குழிகள் முடிந்தபோது ஐந்து ஸ்ட்ரோக் (அடி) முன்னிலையில் இருந்த ஜோர்டன் ஸ்பீத், அங்கேதான் இரண்டு பந்துகளைத் தண்ணீரில் விட்டு, மூன்று அடியில் முடிக்க வேண்டியதை ஏழில் முடித்தார். பட்டம் டேனி வில்லெட்டுக்குப் போனது. அந்த இடத்தில் தானே நின்று ஒரு பந்தை அடித்துப் பார்த்தவர் அடுத்த வருடம் எழுதும் பத்தி வேறு தரத்தில் இருக்கும். வாசகனுக்கு லாபம்தானே?

கடைசிப்பந்து:
ஏற்றத்தையும் இறக்கத்தையும் நடந்தே பார்க்கலாம். போட்டி வாரம் முழுக்க நிருபர்கள் கயிற்றுக்கு வெளியே நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஸ்பீத் திணறியதை எழுத, நாம் அடித்த பந்து ஓடையில் விழ வேண்டியதில்லை.

இன்னொன்று. இந்தப் போட்டி வளர்ந்ததே பத்திரிகைக்காரர்களை அரவணைத்துத்தான். 1934இல் தொடங்கியபோது, ஃப்ளோரிடாவில் பேஸ்பால் பயிற்சி முகாம்களைப் பார்த்துவிட்டு வடக்கே ஊர் திரும்பும் எழுத்தாளர்கள் வழியில் இறங்க வசதியாகத் தேதியைப் பார்த்தார்கள். அன்றைய மிகப் பெரிய விளையாட்டு எழுத்தாளர் கிராண்ட்லண்ட் ரைஸ் அந்த கிளப்பின் தொடக்ககால உறுப்பினர். எழுதுகிறவரும் எழுதப்படுகிறவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். கறுப்பின வீரர் ஒருவர், லீ எல்டர், அங்கே ஆட 1975 ஆனதே, அதற்கு முந்தைய நாற்பது வருடமும் பத்திரிகையாளர் மாடம் என்ன செய்துகொண்டிருந்தது?

மயிலை வாசகி:
இதற்கு எழுதி வைத்த விதியே இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் பேஸ்பால் அணிகளே நிருபர்களின் ரயில் செலவு, ஓட்டல் வாடகை எல்லாம் கொடுத்துக் கூட்டிப்போயின. அப்புறம் பத்திரிகைகள் விழித்துக்கொண்டன. ஏபிஎஸ்இ என்ற, பத்திரிகைகளின் விளையாட்டுப் பிரிவு ஆசிரியர்கள் சங்கத்தின் நெறிமுறைப்படி பயணம், தங்குமிடம், சாப்பாடு அனைத்துக்கும் பத்திரிகைதான் பணம் கட்ட வேண்டும். அணியின் தனி விமானத்தில் ஏறினால்கூட பில் கேட்டு வாங்க வேண்டும். நியூயார்க் டைம்ஸ் இன்னும் கறார்: அணியிடமிருந்தோ போட்டி நடத்துபவரிடமிருந்தோ டிக்கெட், சாப்பாடு, பரிசு எதையும் விளையாட்டு நிருபர் தொடக் கூடாது என்றது.

நெல்லை மட்டை:
வாசகி அம்மா, டைம்ஸை இழுத்தீர்கள், நல்லது. 2002இல் மார்த்தா பர்க் என்பவர் அகஸ்டாவில் பெண்களைச் சேர்க்கச் சொல்லிப் போராடினார். டைகர் வுட்ஸ் ஆடாமல் இருக்கலாமே என்று டைம்ஸ் தலையங்கம் எழுதியது. அதற்கு ஒத்துப்போகாத, டைம்ஸின் சொந்த விளையாட்டுப் பத்தியாளர் டேவ் ஆண்டர்சனின் பத்தியையும், ஹார்வி அராட்டனின் ஒரு பத்தியையும் ஆசிரியர்கள் நிறுத்திவைத்தார்கள். வெளியே தெரிந்து சத்தம் எழுந்த பிறகுதான், டிசம்பரில், திருத்தங்களோடு அச்சேறின. அந்த இருவரும் அகஸ்டாவில் ஓசிச் சாப்பாடு சாப்பிட்டா வாயடைத்துப் போனார்கள்? அவர்கள் எழுதத்தான் செய்தார்கள். தடுத்தது சொந்த அலுவலகம். கை சுத்தமாக இருப்பதால் மட்டும் பேனா சுதந்திரமாகிவிடாது. நீங்கள் தவறான ஆளைச் சோதனை போடுகிறீர்கள்.

மயிலை வாசகி:
அலுவலகம் தடுத்தது தப்பு, மறுக்கவில்லை. அதனால் கிளப் கொடுப்பது சரியாகிவிடுமா? அகஸ்டா 1956 முதல் சிபிஎஸ் தொலைக்காட்சியுடன் ஒவ்வொரு வருடமாகத்தான் ஒப்பந்தம் போடுகிறது. 1966இல் வர்ணனையாளர் ஜாக் விட்டேக்கர் கூட்டத்தைக் கும்பல் என்று சொன்னதற்காக அடுத்த சில ஆண்டுகள் அங்கே பேச முடியவில்லை. 1994இல் கேரி மெக்கார்ட் புல்தரையைப் பற்றிக் கிண்டலாக ஏதோ சொன்னார். அதோடு அவருக்கும் மாஸ்டர்ஸ் முடிந்தது. பிடிக்காத ஒரு சொல்லுக்கே வாசலைக் காட்டுகிற இடம் அது. அங்கே ஒரு சலுகையை ஏற்பவருக்கு, அடுத்த வருடமும் வர வேண்டுமே என்ற எண்ணம் தானாக வந்து உட்காரும்.

நம் கிரிக்கெட்டிலும் இதே கதைதான். 2013இல் அணித் தேர்வு, நிர்வாகம், டிஆர்எஸ் (நடுவர் முடிவை மறுஆய்வு செய்யும் முறை) பற்றிப் பேசக் கூடாது என்று பிசிசிஐ தரப்பில் நிபந்தனை வந்ததும், இயன் சாப்பல் அந்த இந்திய வர்ணனை வேலையே வேண்டாம் என்றார். அவர் மறுத்ததால்தான் அப்படி ஒரு நிபந்தனை இருப்பதே நமக்குத் தெரிந்தது.

பகுதிநேரம்:
நான் ஒரு மாவட்டத்தில் விளையாட்டுச் செய்தி கொடுக்கிறவன். மாதச் சம்பளம் இல்லை, அச்சான செய்திக்குத்தான் காசு. இங்கே பிரஸ் மீட் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். வாசலில் கையெழுத்துப் போட்டால் ஒரு பை. அதில் டி-ஷர்ட், பேனா, போட்டி அட்டவணை. அட்டவணைக்குப் பின்னால், கிளிப் போட்டு, ஒரு பணக் கவர். கவரை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மதியச் சாப்பாட்டைச் சாப்பிடுவேன், மைதானத்துக்கு அவர்கள் விடும் வேனில் ஏறுவேன். அந்த வேன் இல்லையென்றால் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே வெயிலில் நடக்க வேண்டும், அல்லது ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு செய்திக்கு எனக்குக் கிடைப்பதைவிட அது அதிகம்.

ஏபிஎஸ்இ விதி அருமையான விதி. செலவைக் கொடுக்க ஒரு பத்திரிகை இருப்பவர்களுக்கு. அதை அப்படியே எங்கள் மேல் போட்டால், வசதியான நிருபர் மட்டும்தான் மைதானத்துக்கு வருவார். பள்ளி மாணவிகள் கபடிப் போட்டிக்கு யார் வருவார்?

கடைசிப்பந்து:
தம்பி, உங்கள் வேனையும் அகஸ்டா குலுக்கலையும் நான் ஒன்றாகப் பார்க்கவில்லை. வேன் வேலைக்கு உதவுகிறது. திங்கட்கிழமை ஆட்டம் வேலை முடிந்த பிறகு கிடைக்கும் சந்தோஷம்.

ஆனால் வேனிலும் ஒன்றைக் கவனியுங்கள், அது எங்கே போகிறது என்பதை ஓட்டுகிறவர் முடிவு செய்கிறார். 2015இல், உலகக் கோப்பைக் கால்பந்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த கத்தாரின் அரசு, தொழிலாளர்களின் புதிய குடியிருப்புகளைக் காட்ட வெளிநாட்டு நிருபர்களை அழைத்தது. பிபிசியின் மார்க் லோபல் அந்தச் சுற்றுலாவுக்கு முன்பே, தானாகப் போய்ப் பழைய இடங்களில் தொழிலாளர்களைப் பார்க்க முயன்றார். குழுவோடு பிடித்து இரண்டு இரவு சிறையில் வைத்தார்கள். விட்ட பிறகு அதே அரசுச் சுற்றுலாவில் சேர்ந்துகொள்ளவும் அனுமதித்தார்கள்! அழைத்தவர் காட்ட விரும்பியது ஒன்று, செய்தி இருந்தது வேறு இடத்தில்.

நெல்லை மட்டை:
அப்படியென்றால் என் வாதம்தான் ஜெயிக்கிறது. லோபல் அழைப்பை ஏற்றுக்கொண்டு போனவர். ஏற்றதால் அவர் வாய் மூடவில்லை. அழைப்பே வேண்டாம் என்று அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தச் செய்தியே கிடையாது. வாங்கியதைக் கட்டுரையின் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள், வாசகன் எடை போட்டுக்கொள்வான்.

மயிலை வாசகி:
வந்த கட்டுரைக்குக் கீழே வரி எழுதலாம். வராமல் போன கட்டுரையை வாசகர் எப்படி எடை போடுவார்? 1990க்கு முன்னால் அகஸ்டாவைப் பற்றி எழுதாமல் விட்டதற்கெல்லாம் யார் அடிக்குறிப்புப் போட்டார்கள்?

நெல்லை மட்டை:
எழுதாமல் விட்டதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஒரு சுற்று கோல்ஃப்தான் காரணம் என்று நிரூபிக்க முடியாது. குலுக்கலில் என் பெயர் விழுந்தால் ஆடுவேன், ஆடினேன் என்று எழுதுவேன்.

பகுதிநேரம்:
கவரை வேண்டாம் என்று சொன்ன அன்று, பின்வரிசையில் இருந்த மூத்த நிருபர் என்னிடம், "நீ வாங்காவிட்டால் நாங்கள் வாங்குவது தெரியும்படி ஆகிறது" என்றார். அதற்கப்புறம் அந்தப் போட்டியை நடத்தும் சங்கத்திலிருந்து எனக்கு அழைப்பு வருவது குறைந்துவிட்டது. அதனால் குறிப்பு எழுதினால் போதும் என்பதை நான் ஏற்கவில்லை, நெல்லை அண்ணே. வேன் விஷயத்தில் கடைசிப்பந்து சார் சொல்வது நியாயம், ஆனால் பேருந்துக் காசை என் பத்திரிகை கொடுக்கும் வரை அதில் ஏறுவேன். ஏறியதைப் பத்திரிகையின் டெஸ்க்குக்கும் சொல்லிவிடுவேன்.