‘எந்திரக் கோளாறு’ வேண்டாம், ‘விசையிழப்பு’ன்னு வைப்போம்

அண்ணாச்சி, வயலுக்கு மருந்தடிக்கிற விமானத்துல பறக்கும்போதே என்ஜின் போறதுக்குத் தமிழ்ச் சொல் தேடுதோம்லா, அதுக்கு நீங்க சொன்ன ‘எந்திரக் கோளாறு’ எனக்கு ஒத்துவரல. ஆயில் ஒழுகுனாலும் கோளாறு, பிளக்குல கரி புடிச்சாலும் கோளாறு, அதோடயே பறந்துவந்து எறங்கிரலாம். நாம பேர் தேடுதது பயிருக்கு மேல பத்தடி உசரத்துல போய்க்கிட்டு இருக்கும்போது இழுவை அத்துப்போற நெலைமைக்குல்லா.

தம்பி ‘எந்திர நிறுத்தம்’னு எழுதியிருக்காரு, பம்புசெட்டுக்கும் பைக்குக்கும் நாம ‘என்ஜின் நின்னுட்டு’ன்னுதான சொல்லுதோம், அதனால காதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா பல நேரம் என்ஜின் நிக்கவே செய்யாது. கார்புரேட்டர்ல ஐஸ் கட்டுனா கொஞ்சங்கொஞ்சமா இழுவை குறையும், பெட்ரோல்ல தண்ணி கலந்தா விட்டுவிட்டு இழுக்கும், ஏர் டிராக்டர்ங்கிற மருந்து விமானத்துல இருக்க பிடி6 டர்பைன் என்ஜின்ல எரிபொருள் கண்ட்ரோல் கெட்டுப்போனா என்ஜின் பாட்டுக்கு ஐடில்ல, அதாவது கொறஞ்ச வேகத்துல சும்மா, ஓடிக்கிட்டே கெடக்கும், லீவர எவ்வளவு தள்ளுனாலும் வேகம் வராது. ஓடிக்கிட்டு இருக்க என்ஜினுக்கு நிறுத்தம்னு எப்படி எழுத?

அதான் ‘விசையிழப்பு’ன்னு சொல்லுதேன். உவரி, கூட்டப்புளி பக்கம் விசைப்படகுன்னா யாரும் அர்த்தம் கேக்க மாட்டாங்க, சங்கரன்கோவில்ல விசைத்தறின்னா அப்படியே. முழு விசையிழப்பு, பாதி விசையிழப்புன்னு பிரிக்கவும் தோதா இருக்கு. பள்ளிக்கூடப் புத்தகத்துல விசை வேற, திறன் வேற, அதனால ‘திறனிழப்பு’ன்னு வைக்கணும்னு ஒருத்தர் சொன்னாரு, நியாயமான கேள்விதான். ஆனா பைலட்டுக்குக் கடைசியில இல்லாமப் போறது புரொப்பல்லர் குடுக்க உந்துவிசை, அதனால புத்தகக் கணக்குலயும் இந்தச் சொல் தப்பாகாது.

‘ஸ்டால்’ங்கிறதுக்குத் தமிழ்ல என்ன வைக்கன்னு அக்கா கேட்டதுலதான் ரொம்பக் கவனமா இருக்கணும். காருல ஸ்டால்னா என்ஜின் நின்னுபோறது, விமானத்துல ஸ்டால்னா றெக்கை காத்துல பிடிப்பு விட்டு தூக்குவிசை போறது. ரெண்டையும் ஒரே சொல்லுல எழுதுனா படிக்கிற பிள்ளைங்க என்ஜின் போனதும் விமானம் கல்லு மாதிரி விழும்னு நெனைச்சிரும். அப்படி இல்ல, மூக்கத் தாழ்த்தி வேகத்த விடாம வச்சிருந்தா றெக்கை தாங்கும், விமானம் சறுக்கிக்கிட்டே எறங்கும். பயத்துல மூக்கத் தூக்குனாத்தான் ஸ்டால் ஆகும், அதுவும் தொட்டி நெறைய மருந்தோட வயக்கடைசியில சாய்ஞ்சு திரும்பும்போதுன்னா மீட்க உசரமே கெடைக்காது, ஏன்னா பாரம் கூடக்கூட, சாய்வு கூடக்கூட ஸ்டால் ஆகுத வேகமும் கூடும். அதனாலதான் மருந்து விமானத்துல தொட்டிய ஒரே இழுப்புல காலி பண்ண ஒரு லீவர் வச்சிருக்காங்க. விசை போனா மூக்கத் தாழ்த்து, பாரத்தக் கொட்டு, நேரா முன்னால எறங்கு, திரும்பிப் போகாத. அந்த லீவருக்கு ‘கொட்டுபிடி’ன்னு வைக்கலாம், வயல்ல நிக்கவங்களுக்கு ஒடனே புரியும்.

நம்ம ஊருக்கு இது எதுக்குன்னு கேட்டவங்களுக்கு: 1921 ஆகஸ்ட் 3ஆம் தேதி அமெரிக்காவுல ஒஹையோவுல ராணுவ பைலட் ஜான் மக்ரெடி ஜென்னிங்கிற விமானத்துல பூச்சிமருந்து தூவுனதுதான் தொடக்கம், நம்ம நாட்டுலயே எச்ஏஎல் விமான நிறுவனம் 1970கள்ல ‘பசந்த்’னு விவசாய விமானம் செஞ்சிருக்கு. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல் அளவுக்கும் கரண்டு கம்பிக்கும் தென்னைக்கும் நடுவுல விமானம் தாழப் பறக்க முடியாதுங்கிறது வாஸ்தவம், ஆனா மருந்தடிக்க இப்ப ட்ரோன் வந்தாச்சு, பிசான நெல்லுக்கு மருந்தடிக்கும்போது மோட்டார் போனாலும் விசையிழப்புன்னே சொல்லிக்கலாம், ‘எந்திரக் கோளாறு’ன்னு எழுதுனா பேட்டரியா, கண்ட்ரோலா, இழுவையான்னு யாருக்கும் தெரியாது.

ஸ்டாலுக்கு ‘தூக்கிழப்பு’ன்னு வந்த யோசனைய மட்டும் விட்டுருவோம், ரெண்டும் ‘இழப்பு’ன்னு முடிஞ்சா ரேடியோ இரைச்சல்ல மாறிக் கேட்டுரும். ‘சிறகுத் தளர்வு’ன்னு வச்சா எப்படி இருக்கும், பறக்கத் தெரிஞ்சவங்க யாராவது பாத்துச் சொல்லுங்க.