வைட்டமின் டி: கேன்டீன் போர்டில் 400-ஆ, 600-ஆ?

பேரணாம்பட்டு வாசி:
ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்கு உணவுப் பட்டியல் போடுறேன். பழைய போர்டில் வைட்டமின் டி தினம் 400 ஐ.யு. (சர்வதேச அலகு). புதுப் பட்டியலில் 600. எங்கேயோ 800-ம் பார்த்தேன். மெடிக்கலில் விற்கிற சாஷேயிலோ 60,000! எதை எழுத? வேலூர் வெயிலுக்கு இது தேவையா?

சத்துணவு_குடியாத்தம்:
600 போடுங்க. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2010-ல் சொன்னது 400, 2020-ல் 600. ரெண்டுமே வெயில் அதிகம் படாதவங்களுக்கான கணக்கு. 800 அமெரிக்காவில் 70 வயது தாண்டினவங்களுக்கு. பக்கத்திலேயே 15 மைக்ரோகிராம்னும் எழுதிடுங்க, சில லேபிளில் அதுதான் இருக்கும் (1 மைக்ரோகிராம் = 40 ஐ.யு.).

சாப்பாட்டில் எவ்வளவு வருதுன்னு பாருங்க. செறிவூட்டின (வைட்டமின் சேர்த்த) எண்ணெய் 20 கிராமில் சுமார் 90 முதல் 130 ஐ.யு., செறிவூட்டின பால் 200 மில்லியில் 40 முதல் 60. சாதா எண்ணெய், சாதா பால்னா இதுவும் கிடையாது. வாங்கும்போது பாக்கெட்டில் நீல நிற எஃப் முத்திரை இருக்கான்னு பாருங்க. எப்படிப் பார்த்தாலும் தட்டிலிருந்து மட்டும் 600 வராது.

ராணிப்பேட்டை ராஜி:
வெயில் கொளுத்துது, ஆனா ஷிஃப்ட் முழுக்கக் கூரைக்கு அடியில்தானே இருக்காங்க! ஜன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயிலால் பயனில்லை, தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துடும். விடிகாலை, சாயங்கால வெயிலிலும் அது ரொம்பக் கம்மி. நம்ம நிழல் நம்ம உயரத்தைவிடக் குட்டையா இருக்கிற நேரம்தான் கணக்கு. சித்திரையில் ஒன்பதரைக்கே அப்படி ஆகிடும், உச்சி வெயிலில் யாரையும் நிறுத்தாதீங்க.

மருந்தாளுநர்_காட்பாடி:
60,000-ஐ போர்டில் எழுதவே எழுதாதீங்க சார். அது குறைபாட்டுக்கான சிகிச்சை: டாக்டர் சீட்டில் வாரம் ஒன்று, பெரும்பாலும் 8 வாரம். வாரத்துக்கு ஒன்றை தினம் ஒன்றுன்னு எடுத்துக்கிறதுதான் பெரிய ஆபத்து. ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், கடைசியில் கிட்னி பாதிப்பு. சிகிச்சையில் இல்லாதவங்களுக்கு தினசரி உச்சவரம்பு 4,000தான். ஏற்கெனவே கிட்னியில் கல் இருக்கிறவங்க கேட்காம மாத்திரையே தொடக்கூடாது.

எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை முகாமும் வேண்டாம். நல்லா இருக்கிறவங்களுக்கு வழக்கமா டெஸ்ட் தேவையில்லைன்னு அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி (ஹார்மோன் டாக்டர்கள் சங்கம்) 2024-ல் சொல்லிடுச்சு. தீராத எலும்பு வலி, தரையிலிருந்து எழ சிரமம்னா டாக்டரிடம் அனுப்புங்க.

கைக்குழந்தை உள்ள தாய்மாருக்குத் தனியா ஒரு வரி: குழந்தைக்கு தினம் 400 ஐ.யு. சொட்டு மருந்து ஒரு மில்லிக்கு 400-லும் வருது, 800-லும் வருது. பிராண்ட் மாறினா லேபிளைப் படிச்சுட்டு அளக்கச் சொல்லுங்க.