ரெண்டு பொண்ணு ராப் பண்ணா சண்டை போட்டே ஆகணுமா?

திருப்பூர்_பாட்டுக்காரி:
வணக்கமுங்க. எனக்கு 20 வயசு, திருப்பூரு, காலேஜ் போய்ட்டே ரெண்டு வருசமா தமிழ்ல ராப் எழுதறேன். போன மாசம் கோயமுத்தூர்ல ஒரு சைஃபருக்கு (கூடி நின்னு ஆளாளுக்கு மாத்தி மாத்தி ராப் பாடறது) போனேன், பசங்க 14 பேரு, பொண்ணுங்கன்னா நானும் இன்னொரு புள்ளையும் மட்டும்தான். பசங்களுக்கெல்லாம் வரிசையா மைக் போச்சு, எங்ககிட்ட வந்ததும் நடத்தறவர் "நீங்க ரெண்டு பேரும் தனியா பேட்டில் பண்ணுங்க, அதுதான் ரீல்ஸ்ல ஓடும்"னுட்டாரு. பேட்டில்னா ஒருத்தர ஒருத்தர் ராப்லயே தாக்கிப் பாடறது. அன்னைக்கு நேரமாச்சுன்னு அடுத்த ஷோவுக்கு தள்ளி வெச்சிருக்காங்க, அதுக்கப்பறம் ஒரே ஒரு லேடி ஸ்லாட்டுதானாம், ஜெயிக்கறவளுக்குத்தானாம்.
நேத்து ரவைக்கு உக்காந்து பதினாறு வரி எழுதுனேன். காலைல படிச்சா பதினொரு வரி அந்தப் புள்ள கலரப் பத்தி, உடம்பப் பத்தி, யாரு கூட பைக்ல போறாங்கறதப் பத்தி. அவ பாட்டப் பத்தி ஒரு வரி கூட இல்ல. என்ற வீடியோ கீழ பசங்க எனக்கு எழுதற அதே வார்த்தைங்க, என்ற கையெழுத்துல. பாத்ததும் கை நடுங்கிருச்சு. போகட்டுமா வேண்டாமா?

ஈரோடு_பீட்:
தங்கச்சி, பேட்டில் தப்புன்னு மட்டும் சொல்லிராத, ஹிப்ஹாப்புக்கு உசுரே அதுதான். 1984ல ஒரு பசங்க குரூப்பு, தங்கள கண்டுக்காத ராக்ஸானுங்கற பொண்ணப் பத்தி பாட்டு போட, நியூயார்க் குயின்ஸ்பிரிட்ஜ்ல இருந்து 14 வயசு ராக்ஸான் ஷாண்டே எசப்பாட்டு பாடி அவனுங்கள கிழிச்சு தொங்கவிட்டா. அதுக்கப்பறம் எத்தனை பேர் மாத்தி மாத்தி பதில் பாட்டு போட்டாங்க. பொண்ணுங்க சண்டை போட்டா மட்டும் ஏன் குழாயடி சண்டைங்கறீங்க? போ, ஆனா அந்த பதினொரு வரிய அடிச்சுட்டு போ.

கோபி_அக்கா:
ஈரோட்டுத் தம்பி, நீங்க சொன்னதுலயே பதில் இருக்குதுங்க, ஷாண்டே மொதல்ல திருப்பி அடிச்சது பசங்கள. ஆனா அந்த எசப்பாட்டு போகப் போக நாந்தான் அசல் ராக்ஸான், நீ இல்லைன்னு பொண்ணுங்களுக்குள்ள போட்டியா மாறிப்போச்சு.
எனக்கு மனசுல நிக்கறது லில் கிம், ஃபாக்ஸி பிரவுன்னு ராப் பாடற ரெண்டு பொண்ணுங்க கதைதானுங்க. ரெண்டு பேரும் புரூக்ளின், ஆரம்பத்துல நல்லா பழகுனவங்க. 1996 நவம்பர்ல ஒரு வாரம் முன்னப்பின்ன ரெண்டு பேரோட மொத ஆல்பமும் வருது. வந்ததுல இருந்தே யாரு ராணி, யாரு யாரப் பாத்து காப்பி அடிச்சாங்கற பேச்சுதான். 2001ல நியூயார்க்ல ஒரு ரேடியோ ஸ்டேஷன் வாசல்ல கிம் ஆளுங்களுக்கும், ஃபாக்ஸி கூட சேந்து கிம்ம தாக்கி பாட்டு போட்ட கபோன்-என்-நொரியேகாங்கற குரூப்போட ஆளுங்களுக்கும் நடுவுல துப்பாக்கிச்சூடே நடந்துச்சு, அந்தக் கேஸ்ல பொய் சாட்சி சொன்னதுக்கு 2005ல கிம்முக்கு ஒரு வருசம் ஒரு நாள் ஜெயில். ரெண்டு பொண்ணுங்களோட நல்ல வயசு இதுலயே கரைஞ்சிருச்சு.
சேர் ஒண்ணே ஒண்ணுன்னா தள்ளிவிட்டுத்தான் உக்காரணும். பெஸ்ட் ராப் ஆல்பத்துக்கு 1996ல இருந்து கிராமி குடுக்கறாங்க, சோலோவா ஒரு பொண்ணு வாங்க 2019 ஆச்சு, கார்டி பி. அடுத்தது 2025ல டோச்சி. பசங்க சண்டைல ஜெயிக்கற ஒருத்தருக்குத்தான் ஸ்லாட்டுன்னு யாரும் சொல்றதில்ல கண்ணு, தோத்தவனுக்கும் அடுத்த ஷோ இருக்கும்.

காங்கேயம்_காளை:
போகலைன்னா பயந்துட்டேன்னுதான் பேசுவாங்க. போய் அடிச்சு தூக்கு.

கோபி_அக்கா:
பேசறவங்க பேசட்டுமுங்க, அவிங்களா மேடைல நிக்கப் போறாங்க? இந்தப் புள்ள கை நடுங்குச்சுங்குது, அத சித்த யோசிங்க.

பொள்ளாச்சி_தென்னந்தோப்பு:
அமெரிக்க ராப்பர் நிக்கி மினாஜோட அனகோண்டா பாட்டு பீட்ட எடுத்து 2015ல சென்னைப் பொண்ணு சோஃபியா அஷ்ரஃப், கொடைக்கானல் தெர்மாமீட்டர் பேக்டரியோட பாதரசக் கழிவுக்காக யூனிலீவர் கம்பெனிய கேள்வி கேட்டு ராப் பண்ணுச்சு. நிக்கியே ட்விட்டர்ல ஷேர் பண்ணாங்க. அடுத்த வருசம் 591 தொழிலாளிங்களோட அந்த கம்பெனி உடன்பாட்டுக்கு வந்துச்சு. தொழிலாளிங்க பல வருசமா போராடுனதுதான் அதுக்கு அடிப்படை, ஆனா உலகம் திரும்பிப் பாத்தது அந்தப் பாட்டுல. பொண்ணோட ராப்புக்கு எதிராளி இன்னொரு பொண்ணாத்தான் இருக்கணும்னு எங்கயும் எழுதி வெக்கல.
எங்கூர்ல வள்ளிகும்மி நடக்குதே, நூறு பொண்ணுங்க ஒரே தாளத்துல அடி வெக்கறாங்க, அதுல யாரு நம்பர் ஒண்ணுன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. உங்க திருப்பூர்லயே எழுத எவ்வளவு கெடக்குது, பனியன் கம்பெனி நைட் ஷிப்ட்டப் பத்தி எழுதும்மணி.

திருப்பூர்_பாட்டுக்காரி:
எல்லாத்துக்கும் நன்றிங்க. அக்கா சொன்னதப் படிச்சுட்டு நேத்து பொழுதோட அந்தப் புள்ளைக்கே மெசேஜ் போட்டேன். பத்து நிமிசத்துல போன் வந்துருச்சு. அவகிட்ட "அந்த திருப்பூர் புள்ள உன்னையத் திட்டி பாட்டு ரெடி பண்ணிட்டா"ன்னு நடத்தறவர் போன வாரமே சொல்லிட்டாராம், அப்ப நான் ஒரு வரி கூட எழுதல. அவளும் என்னையப் பத்தி எழுதி வெச்சிருந்தா, என்ற பல்லப் பத்தி. படிச்சுக் காட்டச் சொன்னேன், மூணாவது வரில அழுதுட்டா, நானும்தான்.
ரெண்டு பேரும் ஷோவுக்கு போறோம். அதே பீட்டு, ஆளுக்கு எட்டு வரி, பசங்க மாதிரி எங்களுக்கும் வரிசைல மைக் குடுக்கச் சொல்லி. அவ ஹூக் (திரும்பத் திரும்ப வர்ற வரி) எழுதறா. என்ற எட்டுல அஞ்சு முடிஞ்சுது.