1908 மெர்க்கிள் ஆட்டம்: ஹோம் தொட்ட ரன் ஏன் செல்லுபடியாகவில்லை?

காட்பாடி பி.டி:
சாஃப்ட்பால் டீம் பொண்ணுங்களுக்கு ஃபோர்ஸ் அவுட் (கட்டாயம் ஓடவேண்டிய ரன்னருக்கு முந்தி பந்தோட அடுத்த பேஸை மிதிச்சு அவுட் ஆக்கறது) சொல்லித்தர 1908 செப்டம்பர் 23 நியூயார்க் ஜயன்ட்ஸ் – சிகாகோ கப்ஸ் பேஸ்பால் ஆட்டத்தை எடுத்தேன். 9வது இன்னிங்ஸ் கீழ்ப்பாதி, ஜயன்ட்ஸ் பேட்டிங், ஸ்கோர் 1–1, ரெண்டு அவுட். மூணாவது பேஸ்ல மெக்கார்மிக், முதல் பேஸ்ல 19 வயசு மெர்க்கிள். பிரிட்வெல் சென்டர் ஃபீல்டுக்கு அடிச்சார், மெக்கார்மிக் ஹோம் (கடைசி பேஸ், தொட்டா ரன்) தொட்டார். அதுக்கப்புறம்தானே மெர்க்கிள் அவுட்? முந்தி வந்த ரன் எப்படிப் போச்சுன்னு கேட்கறாங்க.

ஆற்காடு ஸ்கோரர்:
சார், இங்கே எது முந்தி என்கிற கேள்வியே எழாது. பேட்டர் முதல் பேஸுக்கு ஓட ஆரம்பித்ததும் அங்கே இருப்பவர் இடத்தைக் காலி செய்து இரண்டாவதுக்குப் போயே ஆகவேண்டும். அப்படிக் கட்டாயப்பட்ட ஒருவர் மூன்றாவது அவுட் ஆனால், அந்தப் பந்தில் ஹோம் வந்த எந்த ரன்னும் சேராது. கிரிக்கெட்டில் ஓடிக்கொண்டிருந்த ரன் ரன் அவுட்டில் போய்விடுவது பசங்களுக்குத் தெரியும், அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

மெர்க்கிள் பாதி வழியில் திரும்பி கிளப்ஹவுஸுக்கு (ஆட்டக்காரர்கள் அறைக்கு) ஓடிவிட்டார். ஆட்டம் நடந்த போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் அது சென்டர் ஃபீல்டு பக்கம், கூட்டமும் மைதானத்துக்குள் இறங்கிவிடும். அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் ஓடினார்கள். அவரை மட்டும் முட்டாளாக்கியது அநியாயம் என்பேன். கப்ஸின் எவர்ஸ் பந்தைக் கேட்டு வாங்கி இரண்டாவது பேஸை மிதித்தார். ஜயன்ட்ஸ் தரப்பில் மெக்கினிட்டி அசல் பந்தைக் கூட்டத்தில் வீசிவிட்டதால், எவர்ஸ் கையில் இருந்தது எந்தப் பந்து என்ற தகராறு இன்னும் ஓயவில்லை.

ஸ்கோர் ஷீட்டில் ஒன்று: கட்டாயப்பட்ட ரன்னர் அடுத்த பேஸில் அவுட் என்றால் பேட்டருக்கு ஹிட் கிடையாது. பந்து எவ்வளவு அழகாகப் போனாலும் ஃபீல்டர்ஸ் சாய்ஸ்தான் (ஃபீல்டர் வேறு ரன்னரை அவுட் ஆக்கியதால் பேட்டர் பேஸுக்கு வந்தார் என்ற பதிவு).

வாலாஜா அம்பயர்:
அதே மாதம் 4ஆம் தேதி பிட்ஸ்பர்க்கில் கில் என்ற ஆட்டக்காரர் இதையே செய்தார். அன்றும் எவர்ஸ் அப்பீல் கேட்டார். அம்பயர் ஓ'டே ஒருவர்தான், இரண்டாவது பேஸை அவர் பார்க்கவில்லை, ரன் செல்லுபடியானது. 23ஆம் தேதி ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நின்றவரும் அதே ஓ'டே! பேஸ் அம்பயர் எம்ஸ்லி பார்க்கவில்லை என்றார். ஓ'டே அவுட் கொடுத்தார். ஆட்டம் டை. லீக் தலைவர் புல்லியமும் அதை மாற்றவில்லை. சீசன் முடிவில் இரண்டு அணியும் 98 வெற்றி, 55 தோல்வி என்று நிற்க, அக்டோபர் 8 மறு ஆட்டத்தில் கப்ஸ் 4–2 என்று ஜெயித்தது.

பள்ளி மேட்ச்களில் ஒரே அம்பயர் நிற்பது நமக்குப் பழக்கம். ரெண்டு அவுட், 1–3 ரன்னர் (முதல், மூன்றாவது பேஸ்களில் ரன்னர்) என்றால் ஹோமை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு முதல் பேஸ் ரன்னரின் காலைக் கவனியுங்கள்.

காட்பாடி பி.டி:
அப்போ ரெண்டாவது பேஸ்ல அவுட் ஆனாலே ரன் போச்சுன்னு சொல்லிடலாமா?

ஆற்காடு ஸ்கோரர்:
கூடாது சார், அங்கேதான் எல்லாரும் சறுக்குவார்கள். ஒரு அவுட், அதே 1–3 ரன்னர். பந்து முதல் பேஸ் ஃபீல்டரிடம் உருண்டு வருகிறது, அவர் பேஸை மிதித்துப் பேட்டரை அவுட் ஆக்கிவிட்டு இரண்டாவதுக்கு எறிகிறார். பேட்டர் போனதும் கட்டாயம் போய்விட்டது. பேஸை மிதித்தால் போதாது, ரன்னரை டேக் செய்யவேண்டும், அதாவது பந்தோடு அவரைத் தொடவேண்டும். டேக்குக்கு முன்னால் ஹோம் தொட்டிருந்தால் ரன் உண்டு. உங்கள் பசங்கள் கேட்ட 'முந்தி' கணக்கு இங்கேதான் செல்லும். சாஃப்ட்பாலிலும் இதே விதிதான். பேஸ் தூரம் மட்டும் 90 அடிக்குப் பதில் 60.

வாலாஜா அம்பயர்:
பயிற்சிக்கு: 1–3ல் ரன்னர், ரெண்டு அவுட், அவுட்ஃபீல்டுக்கு அடியுங்கள். முதல் பேஸ் கோச் "ரெண்டைத் தொடு" என்று கத்தவேண்டும். ஃபீல்டிங் டீம், ஹோமுக்கு எறிந்து பயனில்லை என்றால் பந்தை நேராக இரண்டாவதுக்குக் கொண்டுவரட்டும். டக்அவுட்டில் (அணி உட்காரும் இடத்தில்) இருப்பவர்கள், முதல் பேஸ் ரன்னர் ரெண்டைத் தொடும்வரை கோட்டைத் தாண்டி உள்ளே வரக்கூடாது.