பொரித்த எண்ணெயை விற்றீர்களா, கொட்டினீர்களா, திரும்ப ஊற்றினீர்களா? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

பாம்பன் கடைக்காரர்

வண்டியில் கேன் கட்டிக்கொண்டு வருகிறவரைக் கடை வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். லிட்டருக்கு 35 ரூபாய் கொடுப்பார், சோப்புக் கம்பெனிக்குப் போகிறது என்பார். நானும் இரண்டு வருடம் கொடுத்தேன். மீனும் இறால் பஜ்ஜியும் போடுகிற சட்டி, மூன்றாம் நாள் எண்ணெய் கறுத்துக் காறல் வாடை வந்துவிடும். அதற்கு மேல் நான் அடுப்பில் வைப்பதில்லை. கேனோடு கொடுத்துவிட்டு வேறு காலிக் கேன் வாங்கிக்கொள்வேன். ஒரு கேனில் என் மகள் நகப்பூச்சால் ஒரு மீன் வரைந்திருந்தாள். பெரிய வால், கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூ.

சந்தனக்கூட்டுக்கு ஏர்வாடி போய்விட்டுத் திரும்புகிற வழியில் ஒரு தள்ளுவண்டியில் நிறுத்தினோம். மகளுக்கு இரண்டு வடை வாங்கிக் கொடுத்தேன். ஒன்றைத் தின்றுவிட்டு இரண்டாவதைக் கடிக்கும்போது, "அப்பா, நம்ம மீனு" என்றாள். வண்டிக்கு அடியில் அந்தக் கேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைப் பையன் அதைத் தூக்கிச் சட்டியில் சாய்த்தான். வெல்லப்பாகு மாதிரி இறங்கியது.

அவள் கையிலிருந்த வடையைப் பிடுங்கினேன். ஏன் என்று கேட்டாள். அந்தப் பையனிடம் சண்டை போட எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் விற்றது நான். அதற்குப் பிறகு விற்பதை விட்டுவிட்டேன். கடைக்குப் பின்னால் மூன்று டின் நிற்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, அதனால் எழுதினேன்.

லாட்ஜ் சமையல்

அண்ணே, மூன்றாம் நாள் வரை வைத்திருந்ததே அதிகம் என்று நான் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கறுப்பையும் வாடையையும் பார்த்து முடிவு செய்கிறோமே, அங்கேதான் நாம் எல்லாரும் ஏமாறுகிறோம்.

ராமேஸ்வரத்தில் யாத்ரீகர்களுக்குச் சமைக்கிற ஓர் இடத்தில் இருந்தேன். காலையில் பூரி, சாயந்திரம் போண்டா. எங்கள் சரக்கு மாஸ்டர் முப்பது வருட அனுபவம். எண்ணெய் கலங்கினால் உருளைக்கிழங்கு வில்லைகளைப் போட்டுப் பொரித்து எடுப்பார், கொஞ்சம் தெளிந்துவிடும். அப்படித் தெளிந்த எண்ணெய் சட்டியில் இருந்த ஒருநாள் உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். பேனாவை விடக் கொஞ்சம் பெரிய ஒரு கருவி, நுனியை எண்ணெயில் நனைத்துப் பிடித்தார். சிவப்பு விளக்கு. 31 என்று காட்டியது. "நல்லாத்தானே சார் இருக்கு" என்று மாஸ்டர் குழிக் கரண்டியில் எண்ணெயை மோந்து வெளிச்சத்தில் காட்டினார். அதிகாரி பக்கத்தில் இருந்த புது டின்னைத் திறக்கச் சொல்லி, அதைக் கொஞ்சம் சூடாக்கி அதிலும் வைத்தார். 10-ஐ ஒட்டி நின்றது. மாஸ்டர் இரண்டு சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணுக்கு இரண்டுக்கும் அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை. அவர் முகம்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவமானம் என்று சொல்ல மாட்டேன், பயந்துபோன முகம்.

எண்ணெய் திரும்பத் திரும்பச் சூடாகும்போது உடைந்து உண்டாகிற பொருள்களை அந்தக் கருவி அளக்கிறது. நூற்றுக்கு 25-ஐத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது. 2018 ஜூலை 1-லிருந்து இதுதான் சட்டம். உருளைக்கிழங்கு நிறத்தையும் வாடையையும் கொஞ்சம் இழுக்கும், உடைந்ததைத் திரும்ப ஒட்டாது. பழையதன் தலையில் புதிதை ஊற்றினாலும் புதிதும் சீக்கிரமே கெடும். நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் ஓடுகிற இடத்தில், எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கழித்தோம், யாரிடம் கொடுத்தோம் என்று பதிவேடும் வைக்க வேண்டும். நம்மைப் போன்ற சின்னக் கடைகளுக்கு அந்தப் பதிவேடு இல்லை. அதனால்தான் கேன்காரர் நம்மிடம் வருகிறார்.

கீழக்கரை ராத்தா

எங்கள் வீட்டில் நடந்தது. நோன்பு மாதம் முழுக்க சமோசா, இறால் வாடா என்று தினமும் சட்டி காயும். மிஞ்சின எண்ணெயை உம்மா திரும்ப எடுக்க விடமாட்டார். அதில் நல்லவர். ஆனால் ஆறினதும் கழுவுகிற தொட்டியில் ஊற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டு அனுப்பிவிடுவோம். பாட்டி காலத்திலிருந்து அப்படித்தான்.

நோன்பின் 27-ஆம் கிழமை இரவு, வீடு நிறைய ஆட்கள், அடுக்களைத் தண்ணீர் போகவில்லை. காலையில் தூய்மைப் பணியாளர் ஒருவர் வந்தார், என் வாப்பா வயது இருக்கும். குழாயின் வாயில் முழங்கை வரை கையை விட்டு வெள்ளையாக ஒரு கட்டியை இழுத்துப் போட்டார். மெழுகு மாதிரி, சோப்பு மாதிரி, நடுவில் முடியும் வெங்காயத் தோலும். ஒரு கட்டி இல்லை, செய்தித்தாள் விரித்து ஒன்பது எடுத்து வைத்தார். "இந்தா பாரும்மா" என்றார், அவ்வளவுதான். கை கழுவ நான் கொடுத்த சோப்பு அந்த வழவழப்பின் மேல் ஒட்டவே இல்லை. மூன்று முறை தேய்த்தும் அவர் மோந்து பார்த்து முகம் சுளித்தார். நாங்கள் ஊற்றினதை அவர் கையோடு வீட்டுக்குக் கொண்டு போனார்.

நம் ஊர்த் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும். அந்தச் சுண்ணாம்பு எண்ணெயோடு சேர்ந்து குழாய்க்குள் இறுகிவிடுகிறது என்று பிறகு மருமகன் சொன்னான்.

வத்தைக்காரன், மண்டபம்

ஒரு அறிவுரை வரும் என்று தெரியும், வருமுன் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் அண்ணன் டின்னை யாராவது "வள்ளத்துக்குப் பூசக் கொடுங்கள்" என்பார்கள். வேண்டாம்.

அப்பா காலத்தில் எங்கள் மரப்படகான வத்தைக்குச் சுறா மீன் எண்ணெய் பூசுவார்கள். நாற்றம் தலையைச் சுற்றும், ஆனால் இரண்டு மூன்று வெயிலில் தோல் மாதிரி பலகையில் காய்ந்து பிடித்துக்கொள்ளும். அந்த எண்ணெய் இப்போது எங்கே கிடைக்கிறது? ஒரு புரோட்டாக் கடையிலிருந்து பத்து லிட்டர் பழைய பாமாயில் வாங்கி வந்து, ஒரு பகல் முழுக்கப் பூசினேன். காயவில்லை. நாலு நாள் கழித்தும் காயவில்லை. மணல் ஒட்டியது, எறும்பு ஏறியது, இரவில் எலி வந்து முன்பக்க அணியத்துப் பலகையைச் சுரண்டியிருந்தது. ஐந்தாம் நாள் இறக்கினோம். வத்தையைச் சுற்றித் தண்ணீரில் வானவில் மாதிரி ஒரு வளையம் விரிந்தது. என் தம்பி வழுக்கி விழுந்து துடுப்புக் கட்டையில் தாடை அடித்துக்கொண்டான். தையல் மூன்று. ஆனால் எனக்கு மறக்காதது அந்த வளையம். கரையிலிருந்து கால் மைல் வரை எங்கள் கூடவே வந்தது. கீழே கடல் புல், பக்கத்திலேயே பாசி எடுக்கிற பொம்பளையாட்கள் மூழ்கிக்கொண்டிருந்தார்கள்.

மீன் எண்ணெய் காற்றுப் பட்டு இறுகுகிற சாதி, பாமாயில் இறுகாத சாதி. இதை எனக்கு முன்னாலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

உச்சிப்புளி டீச்சர்

கடைக்காரத் தம்பி, சோப்பு செய்யுங்கள். நான் செய்கிறேன். முதல் முறை அலுமினியச் சட்டியில் காஸ்டிக் சோடாவைக் கரைத்துவிட்டேன். சட்டி சீறிப் பொங்கி, கறுத்து, அடி ஓட்டை விழுந்தது. மணிக்கட்டில் தெறித்த தழும்பு இன்னும் இருக்கிறது. அவ்வளவுதான் என் கதை.

இனி முறை. எண்ணெயைத் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள், கசடு இருந்தால் சோப்பு நாறும். ஒரு கிலோ பாமாயிலுக்கோ சூரியகாந்தி எண்ணெய்க்கோ 130 கிராம் காஸ்டிக் சோடா, 300 மில்லி தண்ணீர். கண்ணளவில் போடாதீர்கள், சமையல் தராசு வேண்டும். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். எவர்சில்வர் அல்லது கனமான பிளாஸ்டிக் பாத்திரம், ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, திறந்த வாசல், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. நம் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. உப்பு சோப்பைத் திரித்துவிடும், சுண்ணாம்பு நுரையைக் கொன்றுவிடும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அது, இல்லையென்றால் குழாயில் வருகிற காவிரித் தண்ணீர். கரைசல் சூடு தணிந்து எண்ணெயும் வெதுவெதுப்பாக இருக்கும்போது மெல்ல ஊற்றிக் கிண்டுங்கள். தோசை மாவு பதம் வரும். மரப் பெட்டியிலோ பால் கவர் விரித்த தட்டிலோ ஊற்றி, இரண்டு நாள் கழித்து வெட்டி, நிழலில் நாலு முதல் ஆறு வாரம் ஆற வையுங்கள். அவசரப்பட்டால் கை எரியும். மீன் பொரித்த எண்ணெயாக இருந்தால் வாடை முழுக்கப் போகாது, எலுமிச்சைத் தோல் போட்டும் பார்த்தேன். பாத்திரத்துக்கும் தரைக்கும் மட்டும்தான். முகத்துக்கு வேண்டாம், குழந்தைகளைக் குளிப்பாட்ட வேண்டவே வேண்டாம்.

பாலிடெக்னிக் மாணவன்

டீச்சர் சொன்ன கணக்கு சரி. ஆனால் மூன்று டின் என்றால் 45 லிட்டர். அதற்கு ஐந்து கிலோவுக்கு மேல் காஸ்டிக் சோடா வேண்டும். ஒரு மீன் கடைக்காரரால் அதைக் கையாள முடியுமா? வீட்டில் மாதம் அரை லிட்டர் மிஞ்சுகிறவர்களுக்கு டீச்சர் வழி. கடைக்கு அது வழி இல்லை.

நாங்கள் பயோடீசல் பிராஜெக்ட் செய்தோம். முதலில் ஒரு பூரிக் கடை எண்ணெய். காயவைத்து ஈரம் போக்கி, பத்து லிட்டருக்கு இரண்டு லிட்டர் மெத்தனால், கொஞ்சம் காஸ்டிக் சோடா. இரவெல்லாம் வைத்தோம். காலையில் கண்ணாடிக் குடுவைக்குள் இரண்டாகப் பிரிந்திருந்தது. மேலே தேன் நிறத்தில் எரிபொருள், கீழே கட்டன்காப்பி நிறத்தில் கிளிசரின், நடுவில் கோடு கிழித்த மாதிரி எல்லை. நாலு பேரும் தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அடுத்து ஒரு மீன் கடை எண்ணெய். அதே அளவு, அதே நேரம். குடுவை முழுக்கத் தயிர் மாதிரி திரிந்துவிட்டது. மீனிலிருந்து இறங்கிய தண்ணீரும், பலநாள் காய்ந்ததில் ஏறிய அமிலமும் சேர்ந்து எல்லாவற்றையும் சோப்பாக்கிவிட்டன. அமிலத்தை முதலில் தனியாகச் சரிசெய்ய வேண்டும், அது ஆலை வேலை. மெத்தனால் விஷம், ஆவியே தீப்பிடிக்கும். யாரும் வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். வத்தைக்கார அண்ணா, அப்படியே வடிகட்டி எஞ்சினில் ஊற்றலாமா என்று கேட்பீர்கள். கூடாது. அது டீசலை விடப் பல மடங்கு கெட்டி, தெளிப்பான் அடைத்துக்கொள்ளும். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் யார் பொறுப்பு?

பழைய எண்ணெயைப் பயோடீசலுக்கு அனுப்புகிற திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஆகஸ்ட் 10 அன்றே தொடங்கியது. 'ரூக்கோ' என்று பெயர். பதிவு பெற்ற சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஒரு கடையின் ஒரு டின்னுக்காக வண்டி வராது. பத்துக் கடை சேர்ந்து ஒரு டிரம் நிரப்பினால் வரும். ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாதவர் எங்கே கொண்டு போகிறார் என்று நமக்குத் தெரியாது, கடைக்கார அண்ணன் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

வத்தைக்காரன், மண்டபம்

தம்பி, நான் கேட்கவே இல்லை. எஞ்சினில் ஊற்றுகிற அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுப் போகவில்லை. ஆனால் ஊற்றினவர்களைத் தெரியும், அதனால் நீங்கள் எழுதினது நல்லதுதான்.

தங்கச்சிமடம் அக்கா

எல்லாரும் சட்டியையும் குழாயையும் பேசுகிறீர்கள். கடற்கரையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தேன், குழாயே கிடையாது. பழைய எண்ணெயைக் கடைக்குப் பின்னால் மணலில் குழி தோண்டி ஊற்றுவேன். ஊற்றின நிமிடத்தில் உறிஞ்சிவிடும். மேலே காலால் மணலைத் தள்ளினால் ஒன்றுமே தெரியாது. ஆறு வருடம்.

நம் பக்கம் மணலில் ஊத்துத் தோண்டித் தண்ணீர் எடுப்பது தெரியும். உப்புக் கடல் பத்தடியில் இருக்கும், கை ஆழத்தில் நல்ல தண்ணீர் சுரக்கும், சிரட்டையால் மோந்து குடத்தில் விடுவோம். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி உப்புத் தண்ணீர் மேல் மிதந்து நிற்கிறது, அதைத்தான் எடுக்கிறோம். என் மாமியார் அந்தத் தண்ணீரைத் தவிர எதையும் குடிக்க மாட்டார்.

ஐப்பசி மழை முடிந்து ஒரு காலை அவர் கூடப் போனேன். கடையிலிருந்து இருபது காலடி தூரம் இருக்கும், அங்கே தோண்டினார். தண்ணீர் ஊறியது. சிரட்டையில் மோந்தார், வெளிச்சத்தில் சாய்த்தார், கீழே கொட்டினார். மறுபடி மோந்தார். தண்ணீர் மேல் சின்னச் சின்ன வட்டங்கள், குழம்பில் மிதக்குமே, அது மாதிரி. அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "யாரோ எண்ணெய்ச் சட்டி கழுவியிருக்காக" என்றார். கொஞ்சம் தள்ளிப் போய் வேறு இடத்தில் தோண்டினார். அங்கேயும் அதே.

நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. அந்தக் கடையை விட்டு நாலு வருடம் ஆகிறது, அவர் இறந்தும் இரண்டு வருடம். அவர் சிரட்டையை ஆட்டி ஆட்டிப் பார்த்தது மட்டும் கண்ணிலேயே நிற்கிறது.

பாம்பன் கடைக்காரர்

எல்லாருக்கும் நன்றி. டீச்சரம்மா, சோப்பு என்னால் முடியாது, கையில் ஏற்கெனவே எண்ணெய்த் தழும்பு நிறைய. தம்பி சொன்னபடி பக்கத்துக் கடைகளில் பேசினேன். ஐந்து பேர் சரி என்றார்கள். ஒருவர் 35 ரூபாயை விட மனமில்லாமல் யோசிக்கிறார், அவரிடம் வடை கதையைச் சொல்லியிருக்கிறேன்.

தங்கச்சிமடம் அக்கா, நீங்கள் எழுதினதைப் படித்துவிட்டு இரவே டார்ச் எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனேன். அங்கேயும் மணல்தான். ஒரு டின்னின் அடி துருப்பிடித்து ஒழுகியிருக்கிறது. ஈரம் உள்ளங்கை அகலம் இருந்தது, தோண்டத் தோண்ட முழங்கை ஆழம் வரை போயிருந்தது. மணலோடு வாரிச் சாக்கில் கட்டி உள்ளே தூக்கி வைத்துவிட்டேன். மிச்ச எண்ணெயைக் கேனுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.