ப்ராஜெக்ட்டுக்கு 5 நிமிஷம் பேசணும், கேக்கிறவங்க மனசு மாறணும். எப்படி?

தேனிச்சாரல்:
எல்லாருக்கும் வணக்கம். நான் பி.காம் ரெண்டாம் வருஷம். கம்யூனிகேஷன் பேப்பர்ல ஒரு ப்ராஜெக்ட், ஒரு விஷயத்தை எடுத்து 5 நிமிஷம் பேசி க்ளாஸை ஒத்துக்க வைக்கணும். நான் ரத்த தானம் எடுத்திருக்கேன், ஏன்னா எங்கம்மா ஆபரேஷனப்ப ரெண்டு யூனிட்டுக்கு நாங்க ராத்திரி பூரா அலைஞ்சது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. 18ல இருந்து 65 வயசு வரைக்கும் குடுக்கலாம், 45 கிலோவாவது இருக்கணும், ஹீமோகுளோபின் 12.5 வேணும்னு எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி ஹாஸ்டல்ல பேசிக் காட்டினேன், ரெண்டாவது நிமிஷமே ஆளுக்கொரு போனை எடுத்துட்டாங்க. முடிச்சதும் ஒருத்தி கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "ஊசி ரொம்ப பெருசா இருக்குமாடி?" எங்க தப்பு பண்றேன்? வியாழக்கிழமை பேசணும்.

கரும்பலகை:
அந்தப் பொண்ணு கேட்ட கேள்வியிலயே ஆரம்பிம்மா. க்ளாஸ்ல எல்லார் மனசுலயும் அதுதான் ஓடும், அதுக்குப் பதில் வர்ற வரைக்கும் வேற எதுவும் காதுல ஏறாது.

நான் தமிழ் எடுக்கிறேன், பசங்களுக்குப் பேச்சு சொல்லித்தரும்போது சிலப்பதிகாரம் வழக்குரை காதையைத்தான் முதல்ல படிக்கச் சொல்லுவேன். கண்ணகி கண்ணீரோட வந்தவதான், ஆனா கண்ணீரை மட்டும் நம்பி வரலை. புறாவுக்காகத் தன்னையே குடுத்தவனும் கன்னுக்குட்டிக்காகப் பெத்த மகனையே தேர்க்கால்ல இட்டவனும் ஆண்ட ஊரு என் ஊருன்னு தான் யாருன்னு முதல்ல நிறுத்துறா. கள்வனைக் கொல்றது தப்பில்லைன்னு ராஜா சொன்னதும் சுத்தி வளைக்கலை, என் சிலம்புக்குள்ள இருக்கிறது மாணிக்கம்னு ஒரே வரி. எங்களோடது முத்துன்னு அவன் சொல்றான், கொண்டுவந்து வச்சதும் உடைக்கிறா, முடிஞ்சது. பேசுறவங்க மேல நம்பிக்கை, கேக்கிறவங்க உணர்ச்சி, நியாயம்னு அரிஸ்டாட்டில் பிரிச்ச மூணும் அந்த ஒரு காட்சியில இருக்கு. நீ பத்து விவரம் சொன்ன, அவ அங்கேயே உடைச்சுப் பாக்கிற மாதிரி ஒண்ணு சொன்னா. 649வது குறளும் பாரு, குறை இல்லாம நாலு வார்த்தை சொல்லத் தெரியாதவங்கதான் நிறைய சொல்ல ஆசைப்படுவாங்கன்னு இருக்கும்.

ஓ_பாசிட்டிவ்:
நான் 11 தடவை குடுத்திருக்கேன் சிஸ்டர். ஊசி கொஞ்சம் தடிமன்தான், அதை மறைக்காதீங்க, மறைச்சா மத்ததையும் நம்ப மாட்டாங்க. குத்துறப்ப சுருக்குன்னு இருக்கும், அப்புறம் கையில ஒரு பந்து குடுத்து அமுக்கச் சொல்லுவாங்க, பத்து நிமிஷத்துல எழுந்து ஜூஸ் பிஸ்கட் சாப்பிடலாம். எடுக்கிறது 350 மில்லி, உடம்புல இருக்கிறது கிட்டத்தட்ட 5 லிட்டர், முடிஞ்சா 350 மில்லி தண்ணி ஊத்தின பாட்டிலைக் கையில தூக்கிக் காட்டுங்க. ஆண்கள் 3 மாசத்துக்கு ஒரு தடவை, பெண்கள் 4 மாசத்துக்கு ஒரு தடவை குடுக்கலாம்னு அப்புறமா ஒரு வரியில சொன்னா போதும். கடைசியில "எல்லாரும் தானம் செய்வோம்"னு விட்டுடாதீங்க, பேர் எழுத ஒரு பேப்பரை பெஞ்ச் பெஞ்சா அனுப்புங்க.

தேனிச்சாரல்:
ரொம்ப நன்றி சார், அண்ணா. நேத்து ராத்திரி பாட்டிலோட அதே ரூம்ல மறுபடி பேசினேன். "ஊசி பெருசுதான், நானும் பயந்தேன், ஆனா அன்னைக்கு எங்கம்மாவுக்காக முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் கையை நீட்டினார்"னு ஆரம்பிச்சேன். யாரும் போனை எடுக்கலை. ஊசியைக் கேட்டவளே பேர் எழுதினா, ஆனா அவ 43 கிலோதான், அவளை எப்படி நோகாம வேண்டாம்னு சொல்றது?