வேதாரண்யத்துல ஒயின் திராட்சையா? யாரு கிளப்பி விட்டது?

மேலத்தஞ்சை:
நேத்து ஒரு காணொளி. "பிரான்சுல போர்தோ கடலோரம், நமக்கு வேதாரண்யம் கடலோரம். ரெண்டும் மணல். கடல் காத்து பட்டா ஒயின் திராட்சை தானா வரும்"னு ஒருத்தர் அளந்து விடுறார். அட்லாண்டிக் காத்து அங்க கொடி மேல நேரா அடிக்கிறதே இல்லய்யா! நடுவுல லாந்த்ங்கிற பகுதியோட பைன் காடு நிக்குது, சுமார் 10 லட்சம் ஹெக்டேர்.

கோடியக்கரையான்:
காடுதானே? எங்க ஊர்ல சவுக்கு இல்லையா? பைனும் மணல்ல நட்டது, சவுக்கும் மணல்ல நட்டது.

மேலத்தஞ்சை:
சவுக்கும் பைனும் ஒண்ணா? 1857ல சட்டம் போட்டு நட வச்ச காடு அது. உங்க சவுக்கு நாலஞ்சு வருஷத்துல லாரி ஏறிடும்.

கடைமடை:
மண்ணைப் பேசுங்கப்பா. போர்தோவோட மெதோக் பகுதித் திராட்சை கடல் மணல்ல இல்ல, ஜிரோந்துங்கிற ஆத்து முகத்துவாரத்தை ஒட்டின சரளை மேட்டுல நிக்குது. தண்ணி தங்காது, பகல் சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும். அதைச் சுத்திக் கிடந்த சதுப்பை 17ஆம் நூற்றாண்டுல டச்சுக்காரங்க வந்து வடிச்சாங்க. நம்ம வடிகால்ல ஆகாயத்தாமரை பூத்துக் குலுங்குது.

மேலத்தஞ்சை:
நான் கேட்டது பைன் காடு. அதுக்குப் பதிலைக் காணோம்.

மன்னை மைனர்:
சரளை சரளைன்னு களிமண்ணை மட்டம் தட்டாதீங்க. அதே போர்தோவுல பொமெரோல்ங்கிற இடத்துல பெத்ரூஸ் ஒயின் தோட்டம் களிமண்லதான் இருக்கு. ஒரு பாட்டில் விலை தெரியுமா?

கடைமடை:
மைனர், அங்க மழை வருஷம் பூரா பிரிஞ்சு பெய்யும். குளிருக்கு கொடி இலையை உதிர்த்துட்டுத் தூங்கும். இங்க ஐப்பசி, கார்த்திகையில கொட்டித் தீர்க்கும், அடிச்சாம்பல் நோய் வந்து இலையே மிஞ்சாது. தூக்கமும் கிடையாது, கவாத்து பண்ணித்தான் காய்க்க வைக்கணும். கம்பத்துல மலை மறைவு இருக்கு, ஓட்டுறாங்க.

கோடியக்கரையான்:
ஆமா, 2023ல கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு வந்ததும் தேனிக்கு வக்காலத்து! போன வருஷம் எங்க மாங்காயைப் புளிப்புன்னு எழுதினதும் நீங்கதானே? மறக்கல.

கடைமடை:
புளிப்பைப் புளிப்புன்னுதான் எழுத முடியும்.

கோடியக்கரையான்:
முகத்துவாரத்தை ஒட்டின கொடிக்கு வசந்தகால உறைபனியில சேதம் ஏன் குறைவு? தண்ணி பக்கத்துல இருக்கு. கடலோரம்னா சும்மாவா?

மேலத்தஞ்சை:
அது முகத்துவாரம், கடல் இருக்கறது காட்டுக்கு அந்தப் பக்கம். 2018 நவம்பர் 16, கஜா அடிச்ச அன்னைக்கு உங்க சவுக்கு எங்க நின்னுச்சு?

கோடியக்கரையான்:
தென்னை மொத்தமும் படுத்த ஊர்க்காரன்கிட்ட இதைக் கேக்குறீங்க பாருங்க! ஆத்துப் பாசனத்துல உக்காந்துக்கிட்டு எதையும் பேசலாம். 2009 ஜனவரியில கிளாஸ் புயல் வந்து உங்க லாந்த் காட்டைச் சாய்ச்சுப் போட்டுதே, அது எந்தக் கணக்கு?

மேலத்தஞ்சை:
அடியைக் காடு வாங்கிக்கிச்சு. அதைத்தானே முதல்லேருந்து சொல்றேன்!

மன்னை மைனர்:
பெத்ரூஸ் விலையை யாருமே சொல்லல.

மேலத்தஞ்சை:
சவுக்கும் பைனும் ஒண்ணுன்னு சொன்னவர் முதல்ல அதை வாபஸ் வாங்கட்டும்.

கோடியக்கரையான்:
வாங்க மாட்டேன். தைரியம் இருந்தா மாங்கா பத்தின விவாத இழைக்கு வாங்க.